நுரையீரலில் ஒரு புள்ளி: பரவியதா, பழைய தழும்பா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய், நெஞ்சை ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள், ரிப்போர்ட்டில் புரியாத ஒரு வரி, அதைப் படித்த நாளிலிருந்து வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த மாதிரி வரிகளைத் தினமும் எழுதுகிற ரேடியாலஜி டாக்டர் நான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதற்கே பதில் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 61 வயது. கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய், ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பு எடுத்த நெஞ்சு சிடி ஸ்கேனில் 'வலது கீழ் மடலில் 5 மி.மீ. நோட்யூல், மெட்டாஸ்டாஸிஸ் ரூல் அவுட் செய்யவும்' என்று போட்டிருக்கிறது. 'நுரையீரலுக்கே போய்விட்டது, இனிமேல் எதற்கு முகத்தை அறுத்துக்கொண்டு' என்கிறார் பெரியப்பா. என்ன செய்வது?
— வாசகி, கும்பகோணம்

முதல் காரியம், ஆபரேஷன் தேதியை நீங்களாக ரத்து செய்யாதீர்கள்.

மடல் என்பது நுரையீரலின் ஒரு பகுதி, நோட்யூல் என்பது சின்ன முடிச்சு, மெட்டாஸ்டாஸிஸ் என்பது வேறு இடத்திலிருந்து பரவிய புற்றுநோய். 'ரூல் அவுட் செய்யவும்' என்றால் பரவிவிட்டது என்று அர்த்தம் இல்லை அம்மா. 'இது பரவலாகவும் இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், நோயாளியைப் பார்க்கிற டாக்டர் முடிவு செய்யட்டும்' என்றுதான் அர்த்தம். இதை ரிப்போர்ட்டிலேயே இன்னும் விளக்கமாக எழுதலாம், எழுத வேண்டும் என்பதுதான் என் எண்ணமும். ஏனென்றால் இப்போதெல்லாம் டாக்டர் படிப்பதற்கு முன்பே வீட்டில் படித்துவிடுகிறார்கள், பாதி ராத்திரியில் போனில் தேடியும் பார்த்துவிடுகிறார்கள்.

5 மில்லிமீட்டர் என்பது ஒரு மிளகு அளவு. நுரையீரலில் மிளகு அளவு புள்ளி இருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. எப்போதோ வந்து, வந்ததே தெரியாமல் ஆறிப்போன காசநோயின் தழும்பு, நம் ஊரில் இது ரொம்ப சகஜம். சமீபத்தில் வந்த நெஞ்சுச் சளியின் மிச்சம். நுரையீரலுக்குள்ளேயே இருக்கிற சின்ன நிணநீர்க் கணு, இது பெரும்பாலும் மடல்களைப் பிரிக்கிற கோட்டை ஒட்டி முக்கோண வடிவில் உட்கார்ந்திருக்கும். இவற்றோடு, ஆமாம், பரவிய புற்றுநோயும். பரவியது என்றால் சில அடையாளங்களை எதிர்பார்ப்போம்: ஒன்றுக்கு மேல் இருக்கும், உருண்டையாக இருக்கும், ஒன்று மிளகு என்றால் இன்னொன்று கடலை என்று அளவு மாறும், ரத்த ஓட்டம் அதிகமான கீழ்ப்பகுதியிலும் வெளி ஓரங்களிலும் கூடுதலாகத் தெரியும். ஒற்றைப் புள்ளியாக 5 மி.மீ. இருந்தால், படத்தை மட்டும் வைத்து அது இதுதான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஊசி போட்டுக் கொஞ்சம் சதையெடுத்துச் சோதிக்கலாமே (பயாப்ஸி) என்றால், அதற்கும் இது ரொம்பச் சின்னது.

அப்படியானால் எதை வைத்துத்தான் முடிவு செய்வது? பழைய படத்தை வைத்து. இதை மட்டும் வாசகர்கள் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்காகத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். சில மாதங்களுக்கு முன்னால் உங்கள் அப்பா மாதிரியே ஒருவர் வந்தார், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், நாக்கில் புற்றுநோய், நுரையீரலில் ஒரு 6 மி.மீ. புள்ளி. கூட வந்த மகன் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. 'இதற்கு முன்னால் எப்போதாவது நெஞ்சு ஸ்கேன் எடுத்தீர்களா' என்று கேட்டேன், இல்லவே இல்லை என்றார்கள். 'கொரோனா சமயத்தில்?' என்று கேட்டதும்தான் அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 2021 மே மாதம் எடுத்திருக்கிறார்கள். மறுநாள் மகன் ஒரு மஞ்சள் பையோடு வந்தார், பீரோவில் புடவைகளுக்கு அடியில் ரேஷன் கார்டோடு சேர்த்து அம்மா பத்திரமாக வைத்திருந்த பை, உள்ளே பிலிமும் ஸ்கேன் டிஸ்க்கும். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் போட்டு ஒன்றாக நகர்த்தினேன். அதே கீழ் மடல், அதே ரத்தக்குழாய் கிளை பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில், அதே புள்ளி, அதே 6 மி.மீ. இத்தனை வருஷத்தில் மயிரிழைகூட நகரவில்லை. இந்த மாதிரி கெட்டியான புள்ளி இரண்டு வருஷம் வளராமல் இருந்தாலே அது தீங்கில்லாதது என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்வோம். அடுத்த வாரமே அவருக்கு ஆபரேஷன் நடந்தது.

தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் அந்த 2020, 2021 ஸ்கேன் கிடக்கிறது. தயவுசெய்து தேடிப் பாருங்கள். பிலிமை விட டிஸ்க் முக்கியம். பிலிமில் தேர்ந்தெடுத்த சில வெட்டுகளைத்தான் அச்சடித்திருப்பார்கள், மிளகு அளவு புள்ளி அதில் விடுபட்டுப்போகலாம். டிஸ்க் தொலைந்துவிட்டால் எடுத்த சென்டரிலேயே கேளுங்கள், சில இடங்களில் பல வருஷத்துப் படங்களைச் சேமித்து வைத்திருக்கிறார்கள்.

பழைய படமே இல்லை என்றால்? பெரும்பாலான சர்ஜன்கள் இந்த அளவு ஒற்றைப் புள்ளிக்காக வாய் ஆபரேஷனை நிறுத்தமாட்டார்கள். செய்துவிட்டு, சுமார் 3 மாதம் கழித்து நெஞ்சை மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். அப்போது ஒரு கணக்கு தெரிந்திருப்பது நல்லது. 5 மி.மீ. உருண்டை 6.3 மி.மீ. ஆனாலே அதன் கன அளவு இரண்டு மடங்கு ஆகிவிட்டது என்று அர்த்தம். அதே சமயம் அளக்கிறவர் கை மாறினாலே 1 மி.மீ. முன்னே பின்னே வரும். ஆகவே இரண்டு ரிப்போர்ட்டிலும் உள்ள எண்களை வீட்டில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள், படங்களை ஒரே டாக்டரிடம் கொடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இணையத்தில் '6 மி.மீ.க்குக் கீழே இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று போட்டிருப்பதைப் படித்திருப்பீர்கள். அது நெஞ்சு ஸ்கேன் நிபுணர்களின் அமைப்பான ஃபிளைஷ்னர் சங்கம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறை, புற்றுநோய் இருப்பது தெரிந்தவர்களுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அப்பாவின் புள்ளியை விட்டுவிடவும் கூடாது, அதைக் காட்டி அவரை விட்டுவிடவும் கூடாது. பெரியப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

மார்பகம், எலும்பு, சிறுநீரகம் என்று எங்கே புற்றுநோய் வந்தாலும் நுரையீரலையே ஏன் முதலில் பார்க்கிறார்கள்?
— கல்லூரி மாணவர், மதுரை

உடம்பு முழுவதும் சுற்றிவிட்டு வருகிற ரத்தம் எல்லாம் இதயத்தின் வலது பக்கத்துக்கு வந்து, அங்கிருந்து நேராக நுரையீரலுக்குத்தான் போகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் அந்த வழியாகப் போகிறது. அங்கே இருக்கிற ரத்த நாளங்கள் முடியை விட மெல்லியவை, வடிகட்டி மாதிரி. கட்டியிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்த அணுக்கள் முதலில் மாட்டுகிற இடம் அதுதான். மாட்டியதெல்லாம் முளைத்துவிடாது, பெரும்பாலானவை செத்துப்போகும், ஒன்றிரண்டு வேர்பிடித்தால்தான் பிரச்சினை.

பெருங்குடல் கொஞ்சம் வேறு மாதிரி. குடலிலிருந்து வருகிற ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போகிறது, அதனால் குடல் புற்றுநோய் பரவினால் முதலில் கல்லீரலில்தான் பெரும்பாலும் தெரியும். ஆனால் மலக்குடலின் கீழ்ப்பகுதி ரத்தத்துக்குக் கல்லீரலைத் தொடாமல் இதயத்துக்கு வருகிற வழியும் இருக்கிறது. ஆகவே அங்கே வந்த கட்டி கல்லீரலில் ஒன்றுமே இல்லாமல் நுரையீரலில் தென்படக்கூடும். 'கட்டி அடியில் இருக்கிறது, நெஞ்சை ஏன் எடுக்கிறார்கள், காசு பிடுங்கவா' என்று ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார், அவருக்கும் இதுதான் பதில்.

என் மகனுக்கு 15 வயது. முழங்காலுக்கு மேலே எலும்பில் ஆஸ்டியோசார்கோமா என்ற புற்றுநோய். நெஞ்சு எக்ஸ்ரே நார்மல் என்று வந்த பிறகும் சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். சின்னப் பையனுக்கு இவ்வளவு கதிர்வீச்சு தேவையா?
— தாய், திருநெல்வேலி

தேவை. சங்கடத்தோடு சொல்லவில்லை, உறுதியாகவே சொல்கிறேன்.

எக்ஸ்ரே என்பது ஆழம் இல்லாத ஒரே தட்டையான நிழல். விலா எலும்பு, இதயம், உதரவிதானம் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருக்கும், இதயத்துக்குப் பின்னால் ஒரு கட்டி இருந்தால் அதற்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். வெட்டவெளியான இடத்தில் இருந்தாலும் ஏறக்குறைய 1 செ.மீ. வளர்ந்த பிறகுதான் நம்பிக்கையாகத் தெரியும். சிடி ஸ்கேன் நெஞ்சை மில்லிமீட்டர் கனத்துக்கு வெட்டி வெட்டிக் காட்டுகிறது, 2, 3 மி.மீ., அதாவது கடுகை விடச் சற்றுப் பெரியதுகூடத் தெரிந்துவிடும். ஆஸ்டியோசார்கோமாவில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், ஏனென்றால் நோய் கண்டுபிடிக்கிற அன்றே நூறு பேரில் 15 முதல் 20 பேருக்கு நுரையீரலில் கண்ணுக்குத் தெரிகிற அளவு பரவியிருக்கும். அதைவிட முக்கியம், இந்த நோயில் நுரையீரலுக்குப் போனதும் கதை முடிந்துவிடுவதில்லை. கீமோ கொடுத்து, நுரையீரலில் இருக்கிற முடிச்சுகளை ஒவ்வொன்றாக ஆபரேஷனில் எடுத்துவிட்டுப் பல வருஷம் நன்றாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கே, எத்தனை என்ற வரைபடத்தைத்தான் சிடி கொடுக்கிறது.

கதிர்வீச்சுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே உலக சராசரியாக ஒரு மனிதருக்கு வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கிற அலகு) வருகிறது. நெஞ்சு எக்ஸ்ரே 0.1 அல்லது அதற்கும் கீழே. பெரியவர்களுக்கு நெஞ்சு சிடி சுமார் 5 முதல் 7, சிறுவர்களுக்கு உடல் எடையைப் பார்த்து அளவைக் குறைத்து எடுக்க முடியும். 'பையனுக்கு ஏற்ற டோஸில் எடுங்கள்' என்று நீங்கள் கேட்பதில் தப்பே இல்லை. நுரையீரலில் முடிச்சு இருக்கிறதா என்று மட்டும் பார்க்க, ரத்தக்குழாய்களைப் படத்தில் பளிச்சென்று காட்டுகிற கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசியில் ஏற்ற வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. காற்று கறுப்பு, முடிச்சு வெள்ளை, அதுவே போதும்.

அப்புறம் ஒரு சின்ன வேலை உங்களுக்கு. ஸ்கேனுக்கு முந்தின நாள் வீட்டில் அவனைப் படுக்கவைத்து, நன்றாக மூச்சை இழுத்து 10 எண்ணுகிற வரை அடக்கப் பழக்குங்கள். ஸ்கேன் சில நொடிதான், ஆனால் அந்த நொடியில் மூச்சு விட்டுவிட்டால் அடிப்பகுதி கலங்கி, கடுகு அளவு முடிச்சு கலங்கலில் மறைந்துபோகும். பயத்தில் மூச்சைப் பிடிக்க முடியாமல் இரண்டு முறை எடுக்க வேண்டிவந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரே அறையில் கேட்ட அதே 'மூச்சை இழு, அடக்கு' குரல்தான் இங்கேயும் வரும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எதற்குப் படிப்படியாக எடுக்க வேண்டும்? நேரே பெட் சிடி எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமே?
— வாசகர், கோயம்புத்தூர்

எல்லாம் தெரியாது. பெட் ஸ்கேனில் கதிரியக்கம் சேர்த்த ஒருவகைச் சர்க்கரையை ஊசியில் ஏற்றி, சுமார் 1 மணி நேரம் அமைதியாக உட்கார வைத்து, உடம்பில் எங்கே இருக்கிற அணுக்கள் அந்தச் சர்க்கரையை ஆவலாகத் தின்கின்றன என்று பார்க்கிறோம். புற்றுநோய் அணு ஆவலாகத் தின்னும். காசநோய்ப் புண்ணும் அப்படியே தின்னும். எனவே நம் ஊரில் நெஞ்சில் 'பளிச்' என்று எரிகிற எல்லாமே பரவல் இல்லை, சந்தேகம் இருந்தால் ஊசி விட்டுச் சதையெடுத்துப் பார்த்துத்தான் தீர வேண்டும். படத்தை மட்டும் நம்பி 'நாலாவது ஸ்டேஜ்' என்று முத்திரை குத்திய பிறகு பயாப்ஸியில் டிபி என்று வந்து, புற்றுநோய்க்கு முழு ஆபரேஷனும் டிபிக்கு மாத்திரையும் என்று சிகிச்சையே திசை மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சுமார் 8 மி.மீ.க்குக் கீழே உள்ள முடிச்சு எரியாமலே போகலாம். பெட் படம் எடுக்கும்போது சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டே படுத்திருப்பதால் சின்னப் புள்ளிகள் கலங்கவும் செய்யும். அதனால் நுரையீரலுக்கென்று மூச்சடக்கி எடுக்கிற சாதா சிடிக்கு ஒரு இடம் எப்போதும் இருக்கிறது. சர்க்கரை நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ரத்தச் சர்க்கரை 200-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் வேறொரு நாளைக்குத் தள்ளிவைப்பார்கள். 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம்.

எனக்கு மார்பகத்தில் 1.5 செ.மீ. கட்டி, ஆரம்ப நிலை என்றார்கள், அக்குளில் நெறி கட்டவில்லை. நுரையீரல் ஸ்கேன் வேண்டாம் என்கிறார் டாக்டர். அலட்சியமா?
— வாசகி, சேலம்

இல்லை, அவர் சரியாகத்தான் சொல்கிறார். ஆரம்ப நிலையில், வேறு தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு உடம்பு முழுக்க ஸ்கேன் எடுப்பதால் பயன் இல்லை என்றுதான் உலக அளவில் வழிகாட்டுகிறார்கள், அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2012-லேயே இதைத் தன் 'வேண்டாம்' பட்டியலில் போட்டது. இந்த நிலையில் பரவியிருப்பதைக் கண்டுபிடிக்கிற வாய்ப்பை விட, சம்பந்தமே இல்லாத ஒரு பழைய தழும்பைக் கண்டுபிடித்து அதன் பின்னால் மாதக்கணக்கில் அலைகிற வாய்ப்புதான் அதிகம், கும்பகோணம் வாசகி படுகிற பாட்டை மேலே பார்த்தீர்களே. ஆனால் விடாத இருமல், மாடி ஏறினால் புதிதாக மூச்சு வாங்குவது, சளியில் ரத்தம், இவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று இருக்காமல் அன்றே சொல்லுங்கள், அப்போது ஸ்கேன் அவசியம்.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து 6 வருஷம் ஆகிறது. இப்போது நுரையீரலில் 'செகண்டரீஸ்' என்கிறார்கள். இது நுரையீரல் புற்றுநோயா? அவர் புகையின் பக்கமே போனதில்லை.
— வாசகர், திருச்சி

இல்லை. இடம்தான் நுரையீரல், ஆள் அதே பழைய மார்பக அணு. சிகிச்சையும் மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சைதான். முடிந்தால் அந்தப் புதுக் கட்டியிலிருந்து பயாப்ஸி எடுத்து, எந்த மருந்து வேலை செய்யும் என்று காட்டுகிற ஹார்மோன் ஏற்பி, ஹெர்-2 சோதனைகளை மறுபடி செய்யச் சொல்லிக் கேளுங்கள், ஏனென்றால் 6 வருஷத்தில் அந்த அணுவின் குணம் மாறியிருக்கலாம், மாறியிருந்தால் மருந்தும் மாறும்.

தைராய்டு புற்றுநோய் ஆபரேஷன் முடிந்தது, ரேடியோ அயோடின் கொடுக்கப் போகிறார்கள். நடுவில் இருமலுக்காக வேறு இடத்தில் காட்டினேன், கான்ட்ராஸ்ட் போட்டு நெஞ்சு சிடி எழுதிக் கொடுத்தார்கள். எடுக்கலாமா?
— வாசகி, நாகர்கோவில்

எடுப்பதற்கு முன் உங்கள் தைராய்டு டாக்டரிடம் ஒரு போன் போடுங்கள். சிடி கான்ட்ராஸ்டில் இருப்பது அயோடின். அதை ஏற்றிவிட்டால் உடம்பு அயோடினால் நிறைந்துபோய், பிறகு கொடுக்கிற ரேடியோ அயோடினை, அதாவது மிச்சமிருக்கிற தைராய்டு அணுக்களை அழிக்கிற கதிரியக்க அயோடினை, அந்த அணுக்கள் வாங்கிக்கொள்ளாது, சிகிச்சை 1, 2 மாதம் தள்ளிப்போகும். நுரையீரல் முடிச்சைப் பார்க்க கான்ட்ராஸ்ட் இல்லாத ஸ்கேனே போதும் என்று மேலே சொன்னது உங்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

என் தங்கைக்கு 24 வயது. முத்துப்பிள்ளை கர்ப்பம் என்று சுத்தம் செய்தார்கள். இரண்டு மாதம் கழித்து ரத்தம் கலந்த சளி. நெஞ்சு எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் உருண்டை உருண்டையாக இருக்கிறது, பரவிவிட்டது என்கிறார்கள். வீட்டில் அழுகை ஓயவில்லை. பிழைப்பாளா?
— அக்கா, வேலூர்

இந்தக் கடிதத்தைக் கடைசியில் வைத்ததற்கு மன்னியுங்கள், உங்களுக்குத் தபாலிலும் தனியாக எழுதியிருக்கிறேன். பிழைக்க மிக நல்ல வாய்ப்பு இருக்கிறது. முத்துப்பிள்ளை கர்ப்பம் என்பது கர்ப்பத்தில் நஞ்சுக்கொடித் திசு கொப்புளம் கொப்புளமாகப் பெருகுவது, அதன் மிச்சத்திலிருந்து வருகிற புற்றுநோய் இது. நுரையீரல் முழுக்கப் பரவிய பிறகும் மருந்தாலேயே குணமாகிற புற்றுநோய்களில் முதன்மையானது இதுதான்.

கீமோ மருந்தால் ஒரு கெட்டிக் கட்டி முழுசாகக் குணமாகும் என்பதை உலகம் முதலில் கண்டதே இந்த நோயில்தான். அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் மின் சியூ லி, ராய் ஹெர்ட்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள், இதே மாதிரி நுரையீரலெல்லாம் கட்டியோடு வந்த பெண்களுக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்தைக் கொடுத்தார்கள், எக்ஸ்ரேயில் இருந்த உருண்டைகள் கரைந்து போயின, 1956-இல் அதை வெளியிட்டார்கள். எக்ஸ்ரே சுத்தமான பிறகும், ரத்தத்தில் இந்தக் கட்டி சுரக்கிற ஹெச்.சி.ஜி. ஹார்மோன் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்பதற்காக லி மருந்தை நிறுத்தாமல் தொடர்ந்தார், அதற்காக வேலையையே இழந்தார். அவர் செய்ததுதான் சரி என்பது பிறகு தெரிந்தது. இன்றைக்கும் உங்கள் தங்கைக்கு மருந்து எப்போது நிறுத்துவது என்பதை ஸ்கேன் முடிவு செய்யாது, அந்த ஹார்மோன்தான் முடிவு செய்யும். அது நார்மலான பிறகும் சில வாரங்கள் மருந்து தொடரும், நடுவில் உடம்பு தேறிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள்.

எத்தனை உருண்டை இருக்கிறது என்று எண்ணி மதிப்பெண் போட்டு, ஒரே மருந்தா, பல மருந்துகள் சேர்ந்தா என்று தீர்மானிப்பார்கள். மற்ற புற்றுநோய்களில் எக்ஸ்ரே போதாது என்று எழுதினேன் அல்லவா, இந்த ஒன்றில் அந்த எண்ணிக்கைக்கு எக்ஸ்ரேயைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். இந்த நோயில் பழக்கமுள்ள பெரிய மருத்துவமனைக்கு இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். நுரையீரல் முடிச்சில் ஊசி குத்தி பயாப்ஸி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள், இந்தக் கட்டிகள் ரொம்ப ரத்தம் கசியக் கூடியவை, ஹார்மோன் அளவை வைத்தே பெரும்பாலும் நோயை உறுதி செய்துவிடலாம்.

சிகிச்சை முடிந்து ஹார்மோன் நார்மலாகி மாதங்கள் ஆன பிறகும் ஸ்கேனில் ஒன்றிரண்டு நிழல் அப்படியே இருக்கலாம். அது செத்த கட்டியின் தழும்பு, அதற்காக மறுபடி கீமோ வேண்டியதில்லை. அந்தக் கடைசி ஸ்கேனை டிஸ்க்கோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பத்து வருஷம் கழித்து யாராவது ஒரு டாக்டர் அந்த நிழலைப் பார்த்துத் திடுக்கிடும்போது அதை எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும். கீமோ முடிந்து பொதுவாக ஒரு வருஷம் கர்ப்பம் தரிக்காமல் இருக்கச் சொல்வார்கள். அதற்குப் பிறகு குழந்தை பெற்றுக்கொள்ளலாம், இந்தச் சிகிச்சை எடுத்த பிறகு குழந்தை வேண்டும் என்று விரும்பியவர்களில் பெரும்பாலானவர்கள் பெற்றிருக்கிறார்கள்.